ஆறு மணிக்குள் பளபளப்பு

“டேங்க்குல என் மூஞ்சி தெரியணும். தெரிஞ்சா திங்கக்கிழமை ஏறுறேன். தெரியலன்னா ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு வாங்கறதுக்கு ஆள் வர்றாரு, வண்டியக் குடுத்து அனுப்பிடலாம்.”

அக்கா இதைப் போனில் சொன்னபோது நான் ஒரு காரின் கதவோரத்தில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். பாதி டேப் என் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. ஐந்து மாதம் கழித்து அவளாகக் கூப்பிட்டு, தன் பைக்கைப் பற்றிப் பேசுகிறாள். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கிடையாது, நேராக டேங்க். என் அக்கா பேச்சே அப்படித்தான்.

“மேட் பெயிண்டா இருக்கறத பளபளன்னு ஆக்கணும், அவ்வளவுதானே?” என்றேன். விரலில் ஒட்டிய டேப்பை உதறிக்கொண்டே கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன்.

“அவ்வளவுதான். முடியுமா முடியாதா?”

“யார்கிட்ட கேக்கற?”

“உன்கிட்டதான். வேற பெயிண்டர் எனக்குத் தெரியாது” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் பதினோரு வருடமாக வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஈரப் பெயிண்டில் விரல் வைப்பவர்களைக் கண்டால் இன்னும் நீளும். ‘காஞ்சிருச்சா?’ என்று கேட்டுக்கொண்டே தொட்டுப் பார்க்கிற கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. அவர்களுக்காகவே ஷெட் சுவரில் என் கையால் ஒரு போர்டு எழுதி மாட்டியிருக்கிறேன்: ‘கை வைத்தால் கை உடையும்.’ வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள், எடுத்துவிடு என்று முதலாளி மூன்று தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டார். போர்டு அங்கேயேதான் இருக்கிறது.

அக்கா லிஃப்ட் மெக்கானிக். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் சரிசெய்கிறவள் குடியிருப்பது, லிஃப்ட்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்ததற்குக் கணக்கில்லை. எங்கேயாவது ஆள் மாட்டிக்கொண்டால் கால் மணி நேரத்தில் போய் நிற்க வேண்டும், அதற்குத்தான் பைக். இப்போது கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்: திங்கட்கிழமை வண்டியோடு வந்தால் பழைய வேலை, வண்டி ஓட்ட முடியாதென்றால் ஆபீஸில் போன் எடுத்து, ‘பயப்படாதீங்க, ஆள் வந்துட்டிருக்கு’ என்று சொல்லும் நாற்காலி. அக்காவுக்கு நாற்காலியில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார வராது.

அந்த பைக்கை மேட் கறுப்பாக்கியதே நான்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, நானே ஆசைப்பட்டு அடித்தேன். வெளிச்சம் அதன்மேல் விழுந்தால் திரும்பி வராது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கைவேலையிலேயே இதுதான் உச்சம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஐந்து மாதத்துக்கு முன்னால், பொழுது சாய்கிற நேரத்தில், ஒரு முக்கில் திரும்பிய வேன் அவளை அடித்துத் தள்ளியது. வண்டிக்கு அவ்வளவாக அடியில்லை; அவளுக்குத்தான் கால் இரண்டு இடத்தில் உடைந்து பிளேட் வைத்தார்கள். வேன் டிரைவர் எல்லாரிடமும் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னான்: “கறுப்பு வண்டிங்க, ஒரு மினுக்கம் கெடையாது, கண்ணுக்கே தெரியல.” அந்த வார்த்தை என் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரிக்கு அவள் தூங்கும் நேரம் பார்த்துப் போய், விழிப்பதற்குள் வந்துவிடுவேன். அவள் வீடு திரும்பிய பிறகு அதுவும் இல்லை. அத்தான் போனில் கூப்பிட்டபோதெல்லாம் வேலை இருக்கிறது, வேலை இருக்கிறது என்றே சொல்லிச் சமாளித்தேன். உண்மை என்னவென்றால் அவள் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை.

அதனால்தான் அந்தப் போனுக்குப் பிறகு என் கை சும்மா இருக்கவில்லை. முதலாளியிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஷெட் சாவியைக் கேட்டு வாங்கினேன். அடுத்த இரண்டு நாளும் வேறு வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டே மனதுக்குள் அந்த டேங்க்கைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அத்தான் வந்தார். அக்கா புருஷனுக்கு பைக் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. ஏழு தெரு தாண்டி வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“என்ன அத்தான், நீங்க வண்டியில வருவீங்கன்னு பாத்தா வண்டி உங்கமேல வந்திருக்கு?”

“சிரி, சின்னவளே, சிரி. வழியில நாலு பேரு பெட்ரோல் தீந்துருச்சான்னு கேட்டாங்க. ஒருத்தனும் கை குடுக்கல.” வீட்டில் எனக்குச் சின்னவள் என்றுதான் பெயர்.

“அக்கா எப்படி இருக்கா?”

“கால் சரியாயிடுச்சு. படியில மட்டும் கம்பு வேணும். ஆனா வீட்ட விட்டு வெளிய வர்றதே இல்ல. நான் வேலைக்குப் போகும்போது ஜன்னலோரம் உக்காந்திருப்பா, வரும்போதும் அங்கேயே உக்காந்திருப்பா. வண்டிப் பேச்ச எடுத்தா எழுந்து போயிடுவா.” அவர் குரல் இறங்கியது. “என் ஆபீஸ்ல ஒருத்தர் இந்த வண்டி மேல கண்ணா இருக்காரு. ஆறு மணிக்கு இங்கயே வரச் சொல்லியிருக்கேன். எனக்கு விக்க மனசில்ல. ஆனா அவ ஏறலன்னா அது அங்க நின்னு அவளக் கொன்னுடும்.”

“விக்கற பேச்சே வேணாம். இன்னைக்கு நான் அடிக்கிற அடியில அவ மூஞ்சி மட்டுமில்ல, மூஞ்சியில இருக்கற மச்சமும் தெரியும்.”

மேட் என்றால் பெயிண்ட் மங்கிப் போய்விட்டது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நிறத்துக்கு மேலே கிளியர் என்று நிறமில்லாத ஒரு பூச்சு அடிப்போம். மேட் கிளியர் காய்ந்தால் அதன் மேல்தோல் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமாகிவிடும்; விழுகிற வெளிச்சம் நாலாப் பக்கமும் சிதறிப்போகும். அதைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் வழுக்கைத் தலைபோலத் திட்டுத்திட்டாக மின்னும், மற்ற இடம் அப்படியே கிடக்கும். வண்டியும் கெட்டுவிடும். ஒரே வழி, அந்த மேல்தோலை உப்புப் பேப்பரால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டு, அதன்மேல் பளபளக்கிற கிளியரை அடிப்பது. அடியில் இருக்கிற கறுப்பைத் தொட வேண்டியதே இல்லை.

சீட்டைக் கழற்றினேன். டேங்க், பக்கத்து மூடிகள், முன் மட்கார்டு எல்லாவற்றையும் இறக்கி ஸ்டாண்டில் மாட்டினேன். டேங்க்கின் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடக் கொஞ்சம் கருமை கூடியதுபோல் பட்டது. ஜன்னல் வெளிச்சம்தான் காரணம் என்று விட்டுவிட்டேன். அந்த இடத்தில் என் தலையில் ஒரு குட்டு வைத்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு வரிசை உண்டு: கழுவு, எண்ணெய்ப்பசை போகத் துடை, அப்புறம்தான் பேப்பரைத் தொடு. ஐந்து மாதம் உறைக்குள் நின்ற வண்டியில் என்ன பசை இருக்கப் போகிறது என்று சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு, நேராகப் பேப்பர் போட ஆரம்பித்துவிட்டேன். அவ்வளவு அவசரம் எனக்கு.

அத்தான் தண்ணீர் ஊற்ற, நான் தேய்த்தேன். கறுப்பு, சாம்பல் பூத்ததுபோல் ஆனது.

“ஐயையோ, இருந்த அழகும் போச்சே” என்றார் அத்தான்.

“பொறுங்க. இப்ப இதுக்கு நல்லா பசிக்குது. கிளியரக் காட்டினா கெட்டியாப் புடிச்சுக்கும்.”

தரை முழுக்கத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினேன். அத்தானை மூலையில் நிற்க வைத்து, அசையக் கூடாது, இருமக் கூடாது, தலையைச் சொறியக் கூடாது என்று சொன்னேன். “மூச்சு விடலாமா?” என்று கேட்டார். “மெதுவா” என்றேன். ஒரு தடவை துடைத்துவிட்டு, கிளியரையும் அதை இறுக வைக்கிற ஹார்டனரையும் கலந்து ஸ்ப்ரே கன்னில் ஊற்றி, முகமூடி போட்டேன். காற்றடிக்கிற கம்ப்ரஸர் உறுமியது. மணி பதினொன்று பத்து.

முதல் வீச்சு. டேங்க்கின் ஒரு முனையில் கன்னைத் தொடங்கி, மறுமுனை தாண்டியதும் விசையை விட்டேன். சாம்பல் பூத்திருந்த கறுப்பு என் கண் முன்னால் ஈரக் கறுப்பாக மாறியது. ஆகா, அந்த நிமிடத்துக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். மேலே எரிகிற ட்யூப்லைட் டேங்க்குக்குள் ஒரு வெள்ளைக் கோடாக இறங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முகமூடிக்குள் தனியாகச் சிரித்தேன்.

மட்கார்டையும் இடப்பக்கத்தையும் முடித்துவிட்டு வலப்பக்கம் வந்தேன். அடித்துக்கொண்டிருக்கும்போதே கிளியர் ஒரு இடத்தில் விலகியது. சின்னதாக, வட்டமாக, அடியில் இருக்கிற கறுப்பு தெரிகிற மாதிரி ஒரு குழி. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு பத்து, நாற்பது. எண்ணெய் படிந்த தட்டில் தண்ணீர் நிற்காமல் ஓடுமே, அப்படிக் கிளியர் அந்த இடங்களை விட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

கம்ப்ரஸரை அணைத்தேன். முகமூடியைப் பிடுங்கி எறிந்தேன். “அத்தான்” என்றேன்.

“நான் இருமலம்மா. சத்தியமா இருமல.”

“வண்டியில என்னத்தத் தடவினீங்க?”

“நானா? நான் அந்த உறையக்கூடத் தூக்கிப் பாத்ததில்ல. இன்னைக்குக் காலையிலதான் தொட்டேன்.”

“பொய் சொல்லாதீங்க. இது சிலிக்கான். டாஷ்போர்டு, டயரெல்லாம் மினுங்கறதுக்குத் தடவுவாங்களே, அந்த எழவு. அது ஒரு சொட்டு இருந்தாலும் கிளியர் உக்காராது. யாரோ கிண்ணம் கிண்ணமா ஊத்திக் குளிப்பாட்டியிருக்காங்க. நான் வேற அது மேலேயே பேப்பர் போட்டுத் தேச்சு உள்ள இறக்கியிருக்கேன்.” ஒரு காலி டப்பாவை உதைத்தேன். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. அத்தான் அதைப் போய் நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் தன் மூலைக்கே வந்து நின்றுகொண்டார்.

கோபம் கொஞ்சம் இறங்கியதும் உட்கார்ந்து பார்த்தேன். இடப்பக்கத்தில் ஒரு குழிகூட இல்லை. எல்லாம் வலப்பக்கம்தான். வலப்பக்கத்திலும் ஒரு உயரத்துக்குக் கீழே சுத்தமாக இருந்தது. மட்கார்டில் ஒன்றும் இல்லை.

“அத்தான், வீட்டுக்குக் கீழ வண்டி எப்படி நிக்கும்?”

“இடது பக்கம் சுவரோட ஒட்டி.”

அப்படியானால் தடவிய ஆளுக்குச் சுவர்ப் பக்கம் போக முடியவில்லை. குனியவும் முடியவில்லை. நின்ற வாக்கில் கை எட்டிய மட்டும் தடவியிருக்கிறது. போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டு, அத்தானுக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டேன்.

“மூஞ்சி தெரியுதா?” என்றாள் எடுத்ததும்.

“வண்டியில என்ன தடவின?”

பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

“அக்கா, உன்னத்தான் கேக்கறேன்.”

“கீழ் வீட்டுக்காரர் கார்ல ஒரு பாட்டில் வெச்சிருந்தாரு. கேட்டேன், குடுத்தாரு.”

“எத்தனை தடவ?”

“தெனமும்தான்.”

அத்தான் மூலையை விட்டு வந்துவிட்டார். “தெனமுமா? நீ எங்க கீழ எறங்கின? மூணு மாடி.”

“நீங்க வேலைக்குப் போனதும் எறங்குவேன். கம்ப ஊனி, உக்காந்து உக்காந்து. மொத நாள் அரை மணி நேரம் ஆச்சு. நீங்க வர்றதுக்குள்ள மேல வந்து ஜன்னல்கிட்ட உக்காந்துக்குவேன்.”

அத்தான் அந்தக் காலி டப்பாமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஏன்டி?” என்றேன். அக்காவை ‘டி’ போட்டுப் பேசியது வாழ்க்கையிலேயே அப்போதுதான்.

“பளபளன்னு ஆக்கணும்னு பாத்தேன். தடவினா ஒரு மணி நேரம் மின்னும். மறுநாள் போனா செத்துப்போய்க் கெடக்கும். மறுபடியும் தடவுவேன். தடவித் தடவி பாட்டிலே காலியாயிடுச்சு. அதான் வியாழக்கிழமை உன்னக் கூப்பிட்டேன்.”

“மொதல்லயே என்னக் கூப்பிட்டிருக்கலாமே.”

“நீதான் அவர்கிட்ட வேலை வேலைன்னு சொன்னியே.”

கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தின்னர் வாடைமேல் பழி போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். “போன வை. எனக்கு வேலை இருக்கு” என்றேன். அந்த ஐந்து மாதத்தில் உண்மையாகவே வேலை இருந்தபோது சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஆக, அவளுக்கு வண்டி பிடிக்காமல் போகவில்லை. மூன்று மாடி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, தினமும் அதனிடம் போய் நின்றிருக்கிறாள். இதை விற்க விடுவேனா நான்? எனக்குள் யாரோ இரண்டாவது கம்ப்ரஸரைப் போட்டதுபோல் இருந்தது. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. ஆனால் டப்பாவைச் சாய்த்துப் பார்த்தால் கிளியர் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெயிண்ட் கடை திறக்காது. இந்தத் தடவையும் குழி விழுந்தால் கதை முடிந்தது.

“அத்தான், சட்டைக் கைய மடிங்க.”

ஈரமாக இருந்த கிளியர் முழுவதையும் தின்னர் போட்டு வழித்துத் துடைத்தேன். பிறகு சிலிக்கான் எடுக்கிற திரவம். அதைத் துடைப்பதில்தான் சூட்சுமம்: ஒரு துணியில் நனைத்துத் தடவ வேண்டும், அது காய்வதற்குள் இன்னொரு துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், இரண்டு துணியையும் தூக்கி எறிந்துவிட வேண்டும். அதே துணியை மறுபடி தொட்டால், இங்கே எடுத்த பசையை அங்கே கொண்டுபோய்ப் பூசியதாகிவிடும். நான் நனைத்துத் தடவினேன், அத்தான் பின்னாலேயே ஒற்றினார். துணி தீர்ந்துபோனது.

“நான் உள்ள பனியன் போட்டிருக்கேன். நல்ல காட்டன்” என்று சட்டைப் பொத்தானில் கை வைத்தார்.

“ஏழு தெரு வேர்வை அதுலதான் இருக்கு. அதால தொடச்சா குழி இல்ல, கெணறே விழும்.”

முதலாளியின் மேஜையில் புதிதாக ஒரு கட்டு வெள்ளைத் துணி இருந்தது, காரின் உள்பக்கம் துடைக்க வைத்திருந்தது. அவரிடம் நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று அதைப் பிரித்தேன். நான்கு சுற்றுத் துடைத்து, புதுப் பேப்பர் போட்டுத் தேய்த்து, மறுபடியும் இரண்டு சுற்றுத் துடைத்தோம். அத்தான் ஒரு கட்டத்தில் துணியை எப்படி மடிக்க வேண்டுமென்று எனக்கே சொல்லித்தர ஆரம்பித்துவிட்டார்.

“ஓட்டத்தான் வராதுன்னு பாத்தேன், ஒத்தறதுல கெட்டிக்காரரா இருக்கீங்களே.”

“அவ கீழ எறங்கி ஏறினத நான் கண்டுபிடிக்கலையே, அதையே நெனச்சிட்டிருக்கேன்” என்றார் அவர், துணியைப் பார்த்தபடியே.

மணி இரண்டரை. கன்னைக் கழுவி, மீதியிருந்த கிளியர் எல்லாவற்றையும் கலந்து ஊற்றினேன். டப்பாவைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும் வரை பிடித்திருந்தேன். அத்தான் சொல்லாமலேயே மூலைக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டார்.

முதலில் பனி விழுந்ததுபோல் மெல்லிசாக ஒரு தூவல் மட்டும். பசை இருந்தால் இதிலேயே காட்டிக்கொடுத்துவிடும். விசையை விட்டுவிட்டு வலப்பக்கத்தின் முன்னால் மண்டி போட்டேன். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கண் இமைக்காமல் பார்த்தேன். ஒரு நிமிடம், ஒன்றுமில்லை. மூன்று நிமிடம், ஒன்றுமில்லை. ஐந்தாவது நிமிடத்தில் ஒரு புள்ளி தெரிந்ததுபோல் இருந்தது. பார்த்தால் பெயிண்ட் படாமலிருக்க நான் போட்டிருந்த கண்ணாடி மேலிருந்த துளி.

“என்னாச்சு?” என்றார் அத்தான், உதடு அசையாமல்.

“உக்காந்துருச்சு அத்தான். உக்காந்துருச்சு.”

அதற்கப்புறம் என்னைப் பிடிக்க ஆள் இல்லை. முழுக் கோட் போட்டேன். கை தன்னால் போனது. ஒவ்வொரு வீச்சும் முந்தின வீச்சில் பாதியை மூடிக்கொண்டு, வழியாமல், வற்றாமல். கால் மணி நேரம் பொறுத்து இன்னொரு கோட். கன்னில் கடைசியாக வந்தது வெறும் காற்றுதான், ஆனால் அப்போது கடைசி மூடியின் கடைசி விளிம்பும் நனைந்திருந்தது. முகமூடியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ட்யூப்லைட் டேங்க்குக்குள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. கூரையின் இரும்புச் சட்டங்கள், மின்விசிறி, தலைகீழாக என் போர்டு, எல்லாம் உள்ளே இருந்தன. மூலையில் அத்தான்கூட, தொப்பை சகிதமாக.

நான் ஷெட்டுக்குள்ளேயே இரண்டு சுற்று குதித்தேன். அத்தானும் குதித்தார். தூசி கிளம்பும் என்று ஞாபகம் வந்து இருவரும் சட்டென்று நின்றுவிட்டோம்.

சூடு விளக்கைப் போட்டுக் காயவைத்தோம். ஐந்தரைக்கு விளக்கை அணைத்து, அடிப்பக்கமாகத் துணியைச் சுற்றிப் பிடித்து எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் மாட்டினேன். பார்வைக்குக் காய்ந்திருக்கும், உள்ளே இன்னும் மெத்து. விடியும் வரை யாரும் விரல் வைக்கக் கூடாத நேரம் இது.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அத்தானின் ஆபீஸ்காரர் வந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். வண்டியைச் சுற்றி வந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் சுற்றினார்.

“இது அதே வண்டிதானா? நான் மேட்டுன்னுதான் யோசிச்சுட்டே வந்தேன். இப்படின்னா யோசனையே இல்ல. இப்பவே எடுத்துக்கறேன்.”

அடித்த அழகு இப்படி வினையாக வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. அதற்குள் வாசலில் ஒரு டாக்ஸி நின்றது.

அக்கா கம்பை ஊன்றி இறங்கினாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வண்டியிடம் போனாள். வலப்பக்கம், தினமும் நின்ற அதே பக்கம். குனிய முடிந்த அளவு குனிந்தாள். டேங்க்குக்குள் அவள் முகம் வந்தது. நெற்றி, மூக்கு, தாடையில் இருக்கிற மச்சம்.

“தெரியுது” என்றாள். அப்புறமும் நிமிரவில்லை.

அவள் முகத்தில் இருந்தது பயமா என்று எனக்குப் புரியவில்லை. என்னால் அடக்க முடியவில்லை, போட்டு உடைத்துவிட்டேன். “அக்கா, அன்னைக்கு நான் மேட் அடிக்காம இருந்திருந்தா அவன் உன்னப் பாத்திருப்பான். எல்லாம் என்னாலதான். அதான் வீட்டுக்கே வரல.”

அவள் நிமிர்ந்தாள். “அவன் போன் பாத்துட்டு வந்தான்டி. சூரியனையே கட்டித் தூக்கிட்டுப் போயிருந்தாலும் அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. அவன் வேன் வெள்ளைதான், பளபளன்னுதான் இருந்துச்சு. நான் அவனப் பாத்தேனா?”

“அப்புறம் ஏன் பளபளன்னு வேணும்னு கேட்ட?”

“பயமா இருந்துச்சு. பயத்துக்கு ஏதாவது பண்ணணுமே. கால்தான் உடனே சரியாகல, வண்டியையாவது சரி பண்ணலாம்னு தோணுச்சு. அவ்வளவுதான்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “அத சாக்கா வெச்சு நீயும் வருவன்னுதான்.”

ஆபீஸ்காரர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். “அம்மா, உங்களுக்கு ஓட்டறதுக்குத் தயக்கமா இருந்தா, நான் நல்லா வெச்சுக்குவேன். ஒரு கீறல் விழாமப் பாத்துக்குவேன்.”

அக்கா அவரைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள், கடைசியில் சுவரில் இருந்த என் போர்டைப் படித்தாள். பிறகு வலது கையை நீட்டி, டேங்க்கின் மேல், நடுவில், ட்யூப்லைட் ஓடுகிற அந்த நேர்க்கோட்டின் மேலேயே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

என் உடம்பு முழுக்க ஒரு தரம் தூக்கிப் போட்டது. விரலை எடுத்தாள். கண்ணாடிபோல் இருந்த கிளியரில் அவள் ரேகை வரி வரியாகப் பதிந்திருந்தது.

“ஐயோ” என்றார் ஆபீஸ்காரர். “இப்படி ஆயிடுச்சே.”

“ஆமாங்க, கெட்டுப்போச்சு” என்றாள் அக்கா. “இத இனி உங்களுக்குக் குடுக்க முடியாது. மன்னிச்சுக்குங்க.”

அத்தான் முகத்தைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். நான் திட்டுவதற்காகத்தான் வாயைத் திறந்தேன், பதினோரு வருடப் பழக்கம். சிரிப்புதான் வந்தது.

அன்று இரவும் வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனவர் அத்தான்தான். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் ஷெட்டைத் திறந்துகொண்டிருந்தேன். பைக் சத்தம் கேட்டது. அக்காதான். பின்னால் அத்தான், ஹெல்மெட்டுக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் அவள் இடுப்பைப் பிடித்திருந்தார். கம்பு அவர் முதுகுப் பையில் செருகியிருந்தது. காலை வெயில் டேங்க்கில் பட்டுத் தெறித்து என் கண்ணைக் கூசவைத்தது. அந்தக் கட்டைவிரல் அடையாளம் மட்டும் அதில் தனியாகத் தெரிந்தது.

“எங்கயோ அஞ்சாவது மாடியில லிஃப்ட் நின்னுருச்சாம். போற வழி, காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்” என்றாள், இன்ஜினை அணைக்காமல்.

எனக்குத் தொழில் புத்தி. மெல்லிசுப் பேப்பரையும் பாலிஷையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். “நல்லா எறுகட்டும், சாயங்காலம் ஒரு நடை வா. ரெண்டு நிமிஷத்துல அந்த ரேகைய எடுத்துடறேன். இருந்த எடமே தெரியாது.”

அக்கா கியரைப் போட்டாள்.

“அதுல கை வெச்ச, கைய ஒடச்சிடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.